ஒரே ஆளுக்கு ஐந்து பெயர்: கடல்கடந்த சீனர் பற்றிய நூலகத் தரவுத்தளம் கட்டுவது எப்படி?

தரவுத்தளம் கட்டப்போகிறேன் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் போடலாம்?" என்பதுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது: ஒரே ஆள் ஐந்து பெயரில் வந்தால் உங்கள் தரவுத்தளம் என்ன செய்யும்? கடல்கடந்த சீனர்களைப் பற்றிய காகிதங்களில் இது தினசரி நடப்பு. அதற்கு வழி வைக்காமல் எத்தனை ஆயிரம் பதிவு ஏற்றினாலும், தேடி வருகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

நான் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வளர்ந்தது வியாசர்பாடி பி.வி. காலனி. அம்மா ரங்கூனில் பிறந்தவர். 1964இல் பர்மா அரசு கடைகளை நாட்டுடைமை ஆக்கிய பிறகு கப்பலேறி வந்த குடும்பம். வடசென்னையில் உட்கார்ந்துகொண்டு சீனர்களைப் பற்றி என்னத்தைச் சேர்ப்பது என்று சக நூலகர்களே கேட்டிருக்கிறார்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழர் கடைக்குப் பக்கத்துக் கடை சீனர் கடையாக இருந்தது. அவர்கள் கொடுத்த ரசீது, அவர்கள் எடுத்த போட்டோ, அவர்களுக்குக் கொடுத்த கடனின் கணக்கு எல்லாம் நம் வீட்டுத் தகரப்பெட்டிகளில் கிடக்கின்றன.

இதற்கென்றே பெரிய இடங்கள் உலகத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் ஓஹியோ பல்கலைக்கழக நூலகத்தில் 1993இல் தொடங்கிய ஷாவ் யூ-பாவ் மையம், சிங்கப்பூரில் 1995இல் அமைந்த சீன மரபுடைமை மையம், சீனாவின் சீயமென் பல்கலைக்கழகத்தில் 1956இலிருந்து இருக்கும் நான்யாங் ஆய்வு நிறுவனம். அவர்களோடு நாம் போட்டி போட முடியாது, போட வேண்டியதும் இல்லை. சீன மொழி நூல்களை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தமிழில் இருப்பதை நாம்தான் செய்தாக வேண்டும்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது

தமிழ்நாட்டில் சீனா என்றதும் எல்லோரும் ஓடுவது நாகப்பட்டினம் சீனக் கோபுரத்துக்கும், சீனாவின் குவான்சோவில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டுக்கும். இரண்டையும் விட்டுவிடுங்கள். கோபுரம் பழைய கடல் வணிகத்தின் கதை. கல்வெட்டு சீனாவுக்குப் போன தமிழரின் கதை. நமக்கு வேண்டியது சீனாவை விட்டு வெளியே போய் வேறு ஊரில் குடியிருந்த சீனர்கள். ஆர்வத்தில் எல்லாவற்றையும் உள்ளே விட்டால் தரவுத்தளம் பொங்கி வழிந்து யாருக்கும் பயன்படாமல் போகும்.

நான் வைத்திருக்கும் எல்லை இது: காலம் 1850 முதல் 1980 வரை. இடம் சென்னை மாகாணம், பர்மா, மலாயா, சிங்கப்பூர். மொழி தமிழ், அல்லது தமிழர் கையில் இருந்த எந்த மொழிக் காகிதமும். கல்கத்தா சீனர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று, அதனால் அவர்கள் எல்லைக்கு வெளியே. ஹக்கா பேசும் தோல் பதனிடுவோர், கான்டனீஸ் பேசும் தச்சர்கள், ஹூபே மாகாணத்துப் பல் வைத்தியர்கள் என்று தொழில் வாரியாகவே அவர்களைப் பிரித்துச் சொல்வார்கள். சென்னைக்கு வந்த சீனப் பல் வைத்தியர்களும் ஹூபே வழிதான். பாரிமுனை, பார்க் டவுன் வட்டாரத்தில் அவர்கள் போர்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களிலேயே இருப்பீர்கள். அந்த போர்டுகளின் படம் உங்களிடம் இருந்தால் அதுவும் ஆவணம்தான்.

எல்லையை ஒரு பக்கத்தில் எழுதி, நூலகத்தில் யார் பதிவு போட்டாலும் கண்ணில் படும்படி சுவரில் ஒட்டுங்கள்.

நான்கு அட்டவணை

கணினியில் முதலில் நான்கு தனி அட்டவணை போடுங்கள். எக்ஸெல் மாதிரி இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

முதல் அட்டவணை பொருள்: நூல், கடிதம், ரசீது, படம், செய்தித்தாள் துணுக்கு. இரண்டாவது ஆள்: நபர், கடை, சங்கம், கோயில். மூன்றாவது இடம். நான்காவதுதான் முக்கியம், அது பெயர் வடிவங்களின் அட்டவணை. ஒவ்வொரு ஆளுக்கும் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கு எதிரே, எந்தக் காகிதத்தில் எந்தப் பெயர் எந்த எழுத்தில் எந்த ஆண்டில் வந்தது என்று ஒரு வரி. ஒரே ஆளுக்கு இருபது வரி வந்தாலும் வரட்டும்.

இதிலிருந்து ஒரே ஒரு விதிதான் கிளம்புகிறது. காகிதத்தில் இருப்பதை இருப்பது போலவே எழுது, இணைப்பதை வேறு இடத்தில் செய். எழுத்துப்பிழை என்று தோன்றினாலும் திருத்தாதே. இன்றைக்கு நமக்குப் பிழையாகத் தெரிவது நாளைக்கு ஓர் ஆய்வாளருக்கு உச்சரிப்புச் சாட்சி.

நூலக அறிஞர் சீர்காழி ரங்கநாதன் 1933இல் நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டபோது எந்தப் பொருளையும் முகம் முகமாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று காட்டினார். அதில் கடைசி இரண்டு முகம் இடமும் காலமும். சாதாரண நூலகத்தில் அவை வாலில் ஒட்டிக்கொண்டு வரும். புலம்பெயர்ந்தவர்களைப் பற்றிய தொகுப்பில் அவைதான் தலை. அதனால் ‘இடம்’ என்று ஒரே ஒரு கட்டம் வைத்துவிட்டு நகராதீர்கள். பூர்வீக ஊர், குடியேறிய ஊர், காகிதம் உண்டான ஊர், காகிதம் இப்போது கிடைத்த ஊர் என நான்கு கட்டம் வேண்டும். எங்கள் தொகுப்பில் பல பொருள்களுக்கு இவை ஃபுஜியென், ரங்கூன், ரங்கூன், வியாசர்பாடி என்று போகும்.

பெயர்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

சீனக் குடும்பப்பெயர் எழுத்தில் ஒன்று, வாயில் பல. சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் சென் என்று படிக்கும் அதே எழுத்தை ஹொக்கியன்காரர் ‘தான்’ என்பார், கான்டனீஸ்காரர் சான் என்பார், ஹக்காக்காரர் சின் என்பார். சிங்கப்பூர்த் தமிழ்ப் பத்திரிகை அதை டான் என்று அச்சிடும். ஐந்தும் ஒரே குடும்பப்பெயர். இதற்குத் தலைகீழான சிக்கலும் உண்டு. வோங் என்று கான்டனீஸில் வருவது இரண்டு வெவ்வேறு எழுத்துக்குப் பொதுவானது. ஒன்று மாண்டரினில் ஹுவாங், இன்னொன்று வாங். அந்த ஹுவாங்கே ஹொக்கியனில் ஊய், வீ, இங் என்றெல்லாம் ஆகும். ஆகவே சீன எழுத்து கையில் இல்லாத வரைக்கும் இரண்டு வோங்கை ஒன்றாக்கவும் கூடாது, இங் வேறு வோங் வேறு என்று அடித்துச் சொல்லவும் கூடாது.

நூலகப் பட்டியல்கள் இதில் இன்னொரு அடுக்கைச் சேர்த்துவிட்டன. மாண்டரினை ரோமன் எழுத்தில் எழுத நெடுங்காலம் வேட்-ஜைல்ஸ் முறை இருந்தது. சீனா 1958இல் பின்யின் என்ற புதிய முறைக்கு மாறியது. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2000ஆம் ஆண்டில்தான் மாறியது. அதனால் பழைய பட்டியல் அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், புதியதில் இன்னொன்று. அதற்குமேல் தமிழ். நம் எழுத்தில் த, ட இரண்டுமே வல்லினத்துக்கும் மென்மையான ஒலிக்கும் பொது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் செட்டியார்களின் வட்டிக்கடைகளான கிட்டங்கிகளில் கடன் வாங்கிய சீனத் தவுக்கேகளின் (முதலாளிகளின்) பெயரைப் பேரேட்டில் கணக்குப்பிள்ளை காதால் கேட்டபடி எழுதியிருப்பார். அங்கே ‘தான்’, ‘சான்’, ‘டான்’ எல்லாம் ஒரே பக்கத்தில் வரும்.

எல்லோருக்கும் தெரிந்த ஆளை வைத்தே பழகிப் பாருங்கள். பர்மா பஜாரில் டைகர் பாம் டப்பா வாங்காத வடசென்னைக் குடும்பம் உண்டா? அந்தத் தைலத்தைப் பெரிய வியாபாரமாக்கிய ஆவ் பூன் ஹா ரங்கூனில்தான் 1882இல் பிறந்தார். ஹக்கா குடும்பம், பூர்வீகம் ஃபுஜியென். அப்பா ரங்கூனில் நடத்திய மருந்துக்கடையின் பெயர் எங் ஆன் தோங். பிறகு சிங்கப்பூர் போய் 1929இல் சின் சியூ ஜித் போ என்ற சீன நாளிதழைத் தொடங்கினார். 1954இல் இறந்தார். சீன மொழி நூல்களைப் பின்யினில் தேடினால் இவர் ஹூ வென்ஹூ. ஆவ் என்று தேடினால் அந்த நூல்கள் வராது, ஹூ என்று தேடினால் ஆங்கில நூல்கள் பாதி வராது. உங்கள் ஆள் அட்டவணையில் இவருக்கு ஒரே எண். பெயர் அட்டவணையில் ஆவ் பூன் ஹா, ஹூ வென்ஹூ, சீன எழுத்தின் பழைய வடிவம், சுருக்கிய வடிவம், தமிழ்ப் பத்திரிகை எழுதிய வடிவம் என்று தனித்தனி வரி. கடைக்கும் நாளிதழுக்கும் தனி எண் கொடுத்து இவர் எண்ணோடு கோத்துவிடுங்கள்.

அடுத்து டான் கா கீயைப் போடுங்கள் (1874–1961). மாண்டரினில் சென் ஜியாகெங். சீயமென் பல்கலைக்கழகத்தை 1921இல் நிறுவியவர், நான்யாங் சியாங் பாவ் நாளிதழை 1923இல் தொடங்கியவர். இந்த இரண்டு பதிவைக் கையால் போட்டு முடித்தால் முறை பிடிபட்டுவிடும்.

குடும்பப்பெயர் முன்னால் வரும் என்பதை மறக்க வேண்டாம். ஆவ்தான் குடும்பப்பெயர், ஹா அல்ல. மேல்நாட்டு வழக்கப்படி கடைசிச் சொல்லை முன்னால் தூக்கிப்போடும் மென்பொருள்கள் இதைக் கெடுத்துவிடும். இனிஷியலோடு பிறந்த நமக்கு இந்த அவஸ்தையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பர்மியச் சீனர் பலருக்குப் பர்மியப் பெயர் வேறு இருக்கும். அதில் குடும்பப்பெயரே கிடையாது. முன்னால் வரும் ஊ, டோ, கோ, மா எல்லாம் மரியாதைச் சொல். அதைப் பெயரின் பகுதியாக வரிசைப்படுத்தாமல் தனிக் கட்டத்தில் வையுங்கள்.

கிளைமொழிக் குழுவுக்கும் ஒரு கட்டம் அவசியம்: ஹொக்கியன், தியோச்சூ, கான்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ். நேரடியாகச் சொல்லப்பட்டிருந்தால் மட்டும் நிரப்புங்கள். மறைமுகச் சாட்சி இருந்தால் குறிப்பில் எழுதுங்கள். பர்மியர்கள் ஹொக்கியன் வியாபாரிகளை ‘நீளக் கை’ என்றும், கான்டனீஸ் கைவினைஞர்களைக் ‘குட்டைக் கை’ என்றும் சட்டையை வைத்துச் சொல்வார்கள். நேர்காணலில் ஒரு பாட்டி அப்படிச் சொன்னால் அது நல்ல துப்பு. ஆனாலும் துப்புதான்.

ஒரு போட்டோவின் பின்பக்கம்

ஒரு பொருளை எடுத்து முழுதாகப் பதிவு போடுவது எப்படி என்று காட்டிவிடுகிறேன். காலனியில் ஒரு வீட்டிலிருந்து வந்த குடும்பப் படம். தடித்த அட்டையில் ஒட்டியது. முன்னால் ஒரு தமிழ்க் குடும்பம். சீனர் யாரும் இல்லை. புரட்டினால் ஊதா மையில் ஸ்டூடியோ முத்திரை: ஆங்கிலத்தில் ஒரு வரி, பர்மிய எழுத்தில் ஒரு வரி, சீனத்தில் ஒரு வரி, கீழே ஃப்ரேசர் தெரு, ரங்கூன். தேதி இல்லை. இந்தத் தொகுப்புக்கு இந்தப் படத்தின் மதிப்பே பின்பக்கத்தில்தான். முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்புகிறவர்கள் என் பகைவர்கள்.

ஸ்கேன் நுணுக்கம் முன்பக்கத்துக்கு 400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 400 புள்ளி), முத்திரைக்கு 600 டிபிஐ. மூலப்படம் டிஃப் வடிவில், பார்வைக்கு ஜேபெக். அட்டையிலிருந்து படத்தைப் பிய்க்க வேண்டாம், ஆல்பத்தின் பிளாஸ்டிக்கோடு ஒட்டிப்போனதை இழுக்கவும் வேண்டாம், அப்படியே எடுங்கள்.

சீனம் தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. செல்போன் விசைப்பலகையில் சீனக் கையெழுத்து உள்ளீடு இருக்கிறது. முத்திரையைப் பார்த்து விரலால் வரைந்தால் எழுத்து வரும், அதை நகலெடுத்துக் கட்டத்தில் ஒட்டலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய சீனப் போர்டுகளும் முத்திரைகளும் படுக்கைவாக்கில் எழுதப்பட்டிருந்தால் பெரும்பாலும் வலமிருந்து இடமாகப் போகும். ஸ்டூடியோ என்று பொருள்படும் ஜாவ்-சியாங்-குவான் என்ற மூன்று எழுத்தும் கடைப்பெயரின் வாலில்தான் வரும். அந்த மூன்றும் இடது ஓரத்தில் நின்றால் வரி வலமிருந்து தொடங்குகிறது என்று அர்த்தம். இது தெரியாமல் செல்போன் கேமராவின் மொழிபெயர்ப்பை நம்பினால் தலைகீழாகப் பெயர் பதிவாகும். எப்படியும் சீனம் படிக்கிறவர் ஒருவரிடம் முத்திரையின் படத்தைக் காட்டி உறுதி செய்த பிறகுதான் ‘சரிபார்த்தது’ என்ற கட்டத்தில் டிக் போடுவது.

அப்புறம் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு காலனியிலேயே வயதானவர்களிடம் போனேன். ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது ஃப்ரேசர் ஸ்ட்ரீட்டு ஸ்டூடியோம்மா. மொதலாளி நல்லா தமிழ் பேசுவாரு. நாங்க சீனா மாமான்னுதான் கூப்புடுவோம்."

"அவரு பேரு என்னங்க தாத்தா?"

"பேரா? அது யாருக்கும்மா தெரியும்! சீனா மாமாதான்."

சரி, ‘சீனா மாமா’ என்பதும் பெயர் அட்டவணையில் ஒரு வரி. மொழி தமிழ், ஆதாரம் நேர்காணல், நம்பகம் ‘ஒருவர் சொன்னது’. முத்திரையில் உள்ள கடையின் எண்ணோடு அதை இணைத்து, இணைப்புக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். இன்னொருவர் வந்து அதே முதலாளியை வேறு பெயரில் சொல்லும் நாளில் அந்தக் கேள்விக்குறி எடுபடலாம்.

தலைப்பு நாம் வைப்பது என்பதால் சதுர அடைப்பில்: [தமிழ்க் குடும்பம், ரங்கூன் ஸ்டூடியோ படம்]. உண்டாக்கியவர் கட்டத்தில் கடையின் எண். இடம் கட்டத்தில் ஃப்ரேசர் தெருவின் எண். அந்தத் தெருவுக்கு இன்று அனோரட்டா சாலை என்று பெயர், அது இட அட்டவணையில் இருக்கிறது. இதே போல அமோய் என்றால் சீயமென், காண்டன் என்றால் குவாங்சோவ், ஸ்வாத்தோவ் என்றால் ஷாந்தோவ். ரங்கூன் 1989இல் யாங்கோன் ஆனது, மெட்ராஸ் 1996இல் சென்னை ஆனது. பழைய பெயரை அழித்துப் புதியதை எழுதும் பழக்கம் சில நூலகங்களில் இருக்கிறது. 1941இல் வந்த கடிதத்தில் யாங்கோன் என்று எழுதி வைப்பதால் யாருக்கு லாபம்?

ஆண்டு

தேதிக்கும் இரண்டு கட்டம்: காகிதத்தில் உள்ளபடி ஒன்று, நாம் கணக்கிட்டது ஒன்று.

சீனக் காகிதத்தில் மின்குவோ (சீனக் குடியரசு) ஆண்டு இருந்தால் 1911ஐக் கூட்டுங்கள். மின்குவோ 26 என்றால் 1937. அறுபது ஆண்டுச் சுற்றின் பெயர் மட்டும் இருந்தால் நமக்குப் பழக்கமான தொல்லைதான். அவர்கள் சுற்று 1924இலும் 1984இலும் தொடங்கியது, நம் பிரபவ 1927இலும் 1987இலும். ஒரு தமிழ்க் கடிதத்தில் ‘சித்திரபானு வருஷம்’ என்று இருந்தால் 1942 ஏப்ரல் முதல் 1943 ஏப்ரல் வரை, அல்லது அதற்கு அறுபது வருஷம் முந்தி. காகிதம், மை, அஞ்சல் முத்திரை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சந்தேகமான ஆண்டுக்கு ஒரு பொதுக் குறியீடு இருக்கிறது. 1950~ என்றால் ஏறத்தாழ 1950, 1950? என்றால் உறுதியில்லை. இது 2019இல் பன்னாட்டுத் தரமாகவே வந்துவிட்டது. ‘சுமார் ஐம்பதுகளில்’ என்று சொல்லில் எழுதினால் கணினியால் வரிசைப்படுத்த முடியாது.

எங்கே தேடுவது

எழும்பூரிலேயே பாதி வேலை முடியும். கன்னிமாரா நூலகம், தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இரண்டும் அங்கே. 1931 வரை பர்மா இந்தியாவின் மக்கள்தொகைக் கணக்கிலேயே இருந்தது (1937இல்தான் பிரிந்தது), அதனால் பர்மாச் சீனர் எண்ணிக்கைக்கு இந்திய சென்சஸ் தொகுதிகளைப் பார்க்க வேண்டும். சென்னைச் சீனர்களுக்குப் அசைலம் பிரஸ் அல்மனாக் என்ற பழைய சென்னைக் கையேட்டின் தெருவாரிப் பட்டியலும் வணிகர் பட்டியலும் உதவும். பழைய டெலிபோன் டைரக்டரியும் அப்படித்தான். ஒரு நூலகத்தில் இடம் இல்லையென்று அவற்றை எடைக்குப் போட்டுவிட்டதைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். மூர் மார்க்கெட் பழைய புத்தகக்காரர்களிடம் சொல்லி வையுங்கள்.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர்க்காரர் ஒருவர் சேர்த்த தொகுப்பிலிருந்து 1994இல் எழுந்தது. செட்டிநாட்டுக்கும் பர்மா, மலாயாவுக்கும் இருந்த உறவை நினைத்தால் அங்கே தேடுவதற்கான காரணம் புரியும். வீட்டிலிருந்தே செய்வதானால் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய செய்தித்தாள் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜி. சிங்கப்பூர் நாளிதழ் தமிழ் முரசின் பழைய இதழ்கள் அங்கே இருக்கின்றன. ‘சீனர்’ என்று மட்டும் தேடாதீர்கள். சீனன், சீனாக்காரர், சைனாக்காரன், தவுக்கே எல்லாம் போட்டுப் பாருங்கள்.

தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில், நீலகிரியின் நடுவட்டம், கூடலூர் பக்கம் காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்த சீன–தமிழ்க் குடும்பங்களைப் பற்றி ஒரு பதிவு வருகிறது. ஆளை அளந்து பார்த்து எழுதிய காலனிய எழுத்து, தலைப்பே முகம் சுளிக்க வைக்கும். அதை மறைக்க வேண்டாம், நம் பொருள் தலைப்பாகவும் தூக்கி வைக்க வேண்டாம். ‘ஆவணத்தில் உள்ள சொல்’ கட்டத்தில் அவர் எழுதியது, ‘பொருள்’ கட்டத்தில் நம் சொல்: சீனர்–நீலகிரி–குடும்ப வரலாறு.

எழுத்து செய்யும் சேட்டை

எல்லாக் கோப்பும் எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடில், யூடிஎஃப்-8 என்ற வடிவில் இருக்கட்டும். பாமினி, டாம் போன்ற பழைய எழுத்துருவில் யாராவது தட்டிக் கொடுத்தால் முதலில் மாற்றிவிட்டு வாங்குங்கள். யூனிகோடிலும் பள்ளம் உண்டு. ‘கௌ’ என்பதை ஔகாரக் குறியோடும் அடிக்கலாம், கெ போட்டுப் பக்கத்தில் ள போட்டும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ‘கொ’வும் இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். வாரத்துக்கு ஒரு தடவை ஓபன்ரிஃபைன் என்ற தரவு சீர்செய்யும் மென்பொருளில் கோப்பைத் திறந்து இவற்றை ஒரே வடிவமாக்குங்கள். அந்த மென்பொருள் ஒத்த பெயர்களைக் கூட்டாகக் காட்டவும் செய்யும். கண்டுபிடிக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். ‘எல்லாவற்றையும் ஒன்றாக்கு’ என்ற பொத்தானை அழுத்தினால் மூன்று வெவ்வேறு டான்கள் ஒரே ஆளாகிவிடுவார்கள், கவனிக்காமல் சேமித்துவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

அச்சுப் பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றும் டெஸ்ஸராக்ட் என்ற மென்பொருள் தமிழும் சீனமும் படிக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் ணா, றா, னா, லை, ளை இருக்கும் இடமெல்லாம் தடுமாறும். அங்கே மனிதக் கண்தான்.

கேட்டுவிட்டுப் போடுங்கள்

இதைச் சடங்கு என்று நினைக்கிறவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம். 1962 போருக்குப் பிறகு இந்தியச் சீனர் மூவாயிரம் பேர் வரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். ரங்கூனில் 1967 ஜூனில் சீனர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தது. அந்தக் குடும்பங்கள் பெயர் வெளியே வருவதை விரும்பாமல் இருப்பதில் வியப்பில்லை. பணம் அனுப்பிய காகிதங்களும் அப்படியே. சீனர்கள் கடிதத்தோடு சேர்த்துப் பணம் அனுப்பிய சியாவ்பி தாள்கள் 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. நம் பக்கத்தில் பணம் அனுப்பிய உண்டியல் சீட்டுகளை ஆய்வாளர்கள் அதோடு ஒப்பிட ஆசைப்படுவார்கள். ஆனால் அந்தச் சீட்டைப் பெட்டிக்குள் வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கு இன்னமும் பயம் இருக்கும்.

எனவே ஒவ்வொரு பொருளுக்கும் ‘யார் பார்க்கலாம்’ என்று ஒரு கட்டம்: எல்லோரும், நூலகத்துக்கு நேரில் வருகிறவர் மட்டும், குறிப்பிட்ட ஆண்டு வரை யாரும் இல்லை. உயிரோடு இருப்பவரின் முகவரியும் எண்ணும் பொதுத் தரவுத்தளத்தில் ஏறவே கூடாது. அனுமதிச் சீட்டைத் தமிழில் அச்சடியுங்கள். படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நமக்கு ஸ்கேன் போதும். காப்புரிமை தனி விஷயம். இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு கழிய வேண்டும். அதுவரை முழுப் பக்கத்தை இணையத்தில் போடாமல் விவரப் பதிவை மட்டும் போடலாம்.

இப்போது மென்பொருள்

நான்கு அட்டவணையும் கொஞ்சம் நிரம்பி, கட்டங்கள் மாறாமல் நிலைத்த பிறகு இது. நூல்கள் கோஹா என்ற நூலக மென்பொருளுக்குப் போகட்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பல அதில்தான் இருக்கின்றன, சந்தேகம் கேட்க ஆள் கிடைக்கும். அதில் ஒவ்வோர் ஆளின் பெயருக்கும் தனிப் பதிவு உண்டு: அதன் 100ஆம் கட்டத்தில் முதன்மைப் பெயர், 400இல் மற்ற வடிவங்கள் எல்லாம். நூல் பதிவில் சீன எழுத்திலான தலைப்புக்கு 880ஆம் கட்டம். நம் பெயர் அட்டவணை இங்கே அப்படியே பொருந்தும். படம், ரசீது, கடிதம் எல்லாம் இணையத் தொகுப்புக்கான ஒமேகா மென்பொருளில் போடுங்கள், டப்ளின் கோர் என்ற விவரத் தரத்தின் பதினைந்து கட்டமும் அதில் தயாராக இருக்கும். இரண்டிலும் நீங்கள் கொடுத்த ஆள் எண்ணையே வையுங்கள். ஆவ் பூன் ஹா மாதிரி பொதுவாழ்வில் இருந்தவர்களுக்கு விக்கிடேட்டா என்ற திறந்த தரவுத்தளத்தில் உள்ள எண்ணையும் சேர்த்தால் ஓஹியோவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பதிவுகளோடு கோத்துக்கொள்ளலாம். சீனா மாமாவுக்கு அங்கே எண் உண்டாக்க வேண்டாம், அவர் குடும்பம் எங்கோ இருக்கிறது.

காப்பு மூன்று பிரதி, அதில் ஒன்று வடசென்னைக்கு வெளியே. 2015இலும் 2023இலும் டிசம்பர் மழை எங்கள் பக்கத்தில் என்ன செய்தது என்று தெரியும், தரைத்தளத்தில் ஹார்டு டிஸ்க் வைப்பதைப் பற்றி அதற்குமேல் பேச வேண்டியதில்லை. காகிதத்துக்குக் கடல்காற்றின் ஈரமும் ராமபாணப் பூச்சியும் போதும். இரும்பு பீரோவை அடிக்கடி திறந்து காற்றாட விடுங்கள், சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

மாதக் கடைசியில் நான்கு அட்டவணையையும் சிஎஸ்வி (கட்டங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் எளிய எழுத்து) கோப்பாக இறக்கி, தேதி போட்டுப் பெயரிட்டுச் சேமியுங்கள். அந்தக் கோப்பை எக்ஸெலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் கொக்கி கொக்கியாகத் தெரியும், பயந்து போய்ச் சேமித்துவிடாதீர்கள். ‘டேட்டா’ பட்டியலில் போய், யூடிஎஃப்-8 என்று தேர்ந்து உள்ளே கொண்டுவந்தால் ஒழுங்காக வரும்.